ஈபே ஏலத்தில் "பணம் கட்டினேன், பொருள் வரவில்லை" என்று மெயில்: நிஜமா, ஃபிஷிங்கா?

தீப்பெட்டி_படம்:

வணக்கம் நண்பர்களே. கோவில்பட்டியில் இருந்து எழுதுகிறேன். பழைய தீப்பெட்டி லேபிள்களை ஈபே டாட் காமில் ஏலத்துக்கு விடுகிறேன். வாங்குபவர்கள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காவில் இருக்கும் சேகரிப்பாளர்கள். சின்ன வியாபாரம்தான், ஆனால் ஃபீட்பேக்கில் (வாங்கியவர்கள் எழுதும் மதிப்பீட்டில்) இதுவரை ஒரு குறையும் விழவில்லை, அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பதில் ரொம்பவே கவனமாக இருக்கிறேன்.

நேற்று முன்தினம் இரவு ஒரு மெயில் வந்தது. மேலே ஈபே லோகோ, அதன் கீழே நான் ஏலத்துக்கு விட்டிருக்கும் சிவகாசி லேபிள் கட்டின் படம், பொருள் எண், தலைப்பு எல்லாம் அச்சு அசலாக இருக்கிறது. எழுதியவர் சொல்வது இதுதான்: மூன்று வாரத்துக்கு முன்பே பணம் கட்டிவிட்டேன், பொருள் இன்னும் வரவில்லை, எத்தனை முறை எழுதியும் நீங்கள் பதில் போடவில்லை, இன்றைக்குள் பதில் வராவிட்டால் ஈபேயிலும் போலீசிலும் புகார் கொடுப்பேன். கீழே பதில் அளிக்க ஒரு நீலப் பட்டன். நான் அதை அழுத்தவில்லை.

மறுநாள் காலையில் இன்னொரு மெயில். உங்கள் மீது புகார் வந்திருப்பதால் பேஅவுட் (விற்ற பணத்தை ஈபே எனக்கு அனுப்புவது) நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, 24 மணி நேரத்துக்குள் வங்கி விவரத்தை உறுதி செய்யுங்கள் என்று இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி வருவதால் நிஜமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டு அது உண்மையான புகாராக இருந்துவிட்டால், பணமும் போகும் பெயரும் போகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? என் ஜிமெயில் முகவரி அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? ஈபேயில் அது யாருக்கும் தெரியாதே.

---

மணிபர்ஸ்:

ஃபிஷிங்தான் (போலி மெயில் அனுப்பி பாஸ்வேர்டு, வங்கி விவரம் பறிக்கும் மோசடி), சந்தேகமே வேண்டாம். மெயிலில் எழுத்துப் பிழை இருக்கிறதா, உங்கள் பெயர் சொல்லி அழைக்காமல் 'அன்புள்ள வாடிக்கையாளரே' என்று ஆரம்பிக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டெலீட் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

---

கோவை_ஏலக்கடை:

மணிபர்ஸ் சொன்ன முடிவு சரிதான், ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த வழி ஆபத்தானது, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எழுத்துப் பிழையை வைத்து ஃபிஷிங்கைப் பிடித்த காலம் போய்விட்டது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் ஏஐயிடம் கேட்டுப் பிழையில்லாத ஆங்கிலத்தில் மெயில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். பெயர் சொல்லி அழைப்பதும் அத்தாட்சி ஆகாது. 2014 மே மாதம் ஈபேயே வெளியே சொன்ன விஷயம் இது: சில ஊழியர்களின் லாகினைத் திருடி உள்ளே நுழைந்தவர்கள், வாடிக்கையாளர்களின் பெயர், மெயில், வீட்டு முகவரி, போன் நம்பர், பிறந்த தேதி, என்கிரிப்ட் செய்த பாஸ்வேர்டு எல்லாம் இருந்த தரவுத்தளம் வரை போய்விட்டார்கள். ஏறக்குறைய 14.5 கோடி பேரைப் பாஸ்வேர்டு மாற்றச் சொன்னார்கள். ஈபே மட்டும் இல்லை, அதற்கப்புறம் எத்தனையோ இடங்களில் இருந்து தகவல் கசிந்திருக்கிறது. உங்கள் பெயரும் ஊரும் தெரிந்த ஒருவர் மெயில் அனுப்புவது இன்றைக்குப் பெரிய காரியம் இல்லை.

இப்போது உங்கள் மெயிலுக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. அந்த லேபிள் கட்டு 'ஏலத்துக்கு விட்டிருக்கும்' பொருள் என்கிறீர்கள். ஏலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் அதை இன்னும் யாரும் ஜெயிக்கவே இல்லை. ஜெயிக்காத பொருளுக்கு மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருவர் எப்படிப் பணம் கட்டியிருக்க முடியும்? படம், பொருள் எண், தலைப்பு மூன்றும் உங்கள் லிஸ்டிங் பக்கத்தில் (பொருளை விற்பனைக்குப் போட்டிருக்கும் பக்கத்தில்) உலகமே பார்க்கும்படி இருப்பவை. அங்கிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். பழைய விற்பனைகளில் யார் எதை வாங்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது, அதனால்தான் கண்ணுக்குத் தெரிகிற ஓடும் ஏலத்தைப் பிடித்துக் கதை கட்டியிருக்கிறார்கள்.

ஜிமெயில் முகவரி எப்படிக் கிடைத்தது என்கிறீர்கள். உங்கள் ஈபே யூசர் ஐடியும் ஜிமெயில் பெயரும் ஒன்றா? ஒன்று என்றால் அவ்வளவுதான். யூசர் ஐடியை எடுத்துப் பின்னால் ஜிமெயில், யாஹூ, அவுட்லுக் என்று ஒவ்வொன்றாக ஒட்டி அனுப்பிப் பார்ப்பார்கள், ஏதாவது ஒன்று போய்ச் சேரும். இது ரொம்பப் பழைய வித்தை. ஏலம் கேட்பவர்களின் ஐடியை ஈபே நட்சத்திரக் குறி போட்டு மறைத்துக் காட்டுகிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பெல்லாம் ஏலத்தில் தோற்றுப்போன பையர்களுக்கு (வாங்க வந்தவர்களுக்கு) 'உங்களுக்கே இன்னொரு வாய்ப்பு' என்று போலி மெயில் அனுப்பிப் பணம் பறித்தார்கள். பையரின் ஐடி மறைந்துவிட்டது, செல்லரின் ஐடி மறையாது, மறைந்தால் வியாபாரமே நடக்காது. ஆகவே ஈபேக்கு என்று தனியாக, யூசர் ஐடியோடு சம்பந்தமே இல்லாத ஒரு மெயில் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். அதை வேறு எங்கும் கொடுக்காதீர்கள். அப்புறம் பழைய முகவரிக்கு 'ஈபே'யில் இருந்து எது வந்தாலும் அது போலி என்று படிக்காமலே தெரிந்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. மெயிலைப் பார்த்து நிஜமா போலியா என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை விட்டுவிடுங்கள். அந்த வேலை செல்லருக்குத் தேவையே இல்லை. ஈபேயில் உறுப்பினர் யார் உங்களுக்கு எழுதினாலும், ஈபே உங்கள் கணக்கைப் பற்றி என்ன சொல்ல வேண்டி வந்தாலும், அது உங்கள் கணக்குக்கு உள்ளே மெசேஜஸ் பகுதியிலும் இருக்கும். ஆகவே மெயில் வந்தால் அதை ஒரு மணியோசையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெயிலை மூடிவிட்டு, ஈபே ஆப்பையோ நீங்களே சேமித்து வைத்த புக்மார்க்கையோ திறந்து உள்ளே போங்கள். மெசேஜஸில் அந்தக் கடிதம் இருந்தால் அங்கேயே பதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் பதில் சொல்ல அப்படி ஒரு பையரே இல்லை. பேஅவுட் நிறுத்தம், ரிட்டர்ன், பொருள் வரவில்லை என்ற கேஸ் எல்லாமே செல்லர் ஹப்பில் (விற்பவருக்காக ஈபே கணக்குக்குள் இருக்கும் பக்கத்தில்) தெரியும். நிஜமான ஈபே மெயிலிலும் பட்டன் இருக்கும்தான், அதையும் நான் அழுத்துவதில்லை. நல்ல மெயில், கெட்ட மெயில் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே பழக்கம்.

நீங்கள் பயப்படும் இடமும் புரிகிறது. செல்லரை அவர்கள் பிடிப்பதே இந்தப் பயத்தில்தான். பொருள் வரவில்லை என்று பையர் கேஸ் போட்டால் நமக்கு மூன்று வேலை நாள்தான் அவகாசம், அதற்குள் எதுவும் செய்யாவிட்டால் பையர் ஈபேயை உள்ளே வரச் சொல்லலாம், ஈபே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நம் ஊர்த் தபால் அமெரிக்கா போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்று நமக்கே சரியாகத் தெரியாது. 2025 ஆகஸ்டில் 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரி விலக்கை அமெரிக்கா எடுத்தபோது, இந்தியா போஸ்ட் அங்கே போகும் பார்சல்களைச் சில வாரங்கள் நிறுத்தியே வைத்திருந்தது. அந்த மாதிரி நேரத்தில் 'பொருள் வரவில்லை' என்று மெயில் வந்தால் எந்தச் செல்லருக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் மூன்று நாள் என்பது ஆப்பைத் திறந்து பார்க்கத் தாராளமான நேரம். 'இன்றைக்குள்', '24 மணி நேரத்துக்குள்' என்று கழுத்தைப் பிடிக்கும் மெயில் வந்தால், பொறுமையாக வேறு வாசல் வழியாகப் போய்ப் பார்க்க இதைவிடக் காரணம் வேண்டாம்.

---

லண்டன்_லென்ஸ்:

கோவை அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் இங்கே லண்டனில் பழைய கமெரா லென்ஸ் விற்கிறனான். மெசேஜஸ் பெட்டிக்குள் வந்தால் அது உண்மையான ஈபே உறுப்பினர் அனுப்பியது என்பது சரி, ஆனால் அந்த உறுப்பினர் நல்லவர் என்று அர்த்தம் இல்லை. இங்கே புதிதாக லிஸ்டிங் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே ஒருவர் எழுதுவார். ஃபீட்பேக் பூச்சியம், கணக்குத் திறந்ததே அன்றைக்குத்தான். 'எனக்கு இந்தப் பொருள் கட்டாயம் வேணும், பணம் கட்டிவிட்டேன், ஈபே உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும், உங்கட மின்னஞ்சல் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் தாங்கோ' என்று கேட்பார். மெசேஜுக்குள் மின்னஞ்சல் முகவரியை எழுத்தில் போட்டால் ஈபே பிடித்துவிடும் என்று தெரிந்து, அதைப் படமாக எடுத்து இணைத்து அனுப்புவார்கள். சில நேரம் படத்தில் கியூஆர் கோட் இருக்கும், 'ஸ்கேன் பண்ணி விற்பனையை உறுதி செய்யுங்கோ' என்று எழுதியிருக்கும். ஸ்கேன் பண்ணினால் ஈபே மாதிரியே ஒரு பக்கம் வந்து வங்கி அட்டை விவரம் கேட்கும். பொருளை விற்பவரிடம் ஏன் அட்டை இலக்கம் கேட்கிறார்கள் என்று ஒரு கணம் யோசித்தால் போதும்.

முகவரியைக் கொடுத்தால் அடுத்ததாக வருவது 'உங்கள் பணம் பேபாலில் காத்திருக்கிறது, பொருளை அனுப்பி டிராக்கிங் இலக்கம் தந்ததும் விடுவிக்கப்படும்' என்ற கடிதம் (பேபால் என்பது இணையத்தில் பணம் கட்டும் சேவை). இதைப் பிடிக்க இப்போது ஒரு இலகுவான வழி இருக்கிறது. ஈபே 2002 இல் பேபாலை வாங்கி 2015 இல் பிரித்துவிட்டது. பிறகு பணம் வாங்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டது. பையர் பேபாலில் கட்டினாலும் அது ஈபேயிடம் போய், ஈபே எங்களுக்குத் தருகிறது. இங்கே நேரே வங்கிக்கு வருகிறது, இந்தியாவில் இருக்கிற உங்களுக்கு பேயோனியர் என்ற பணப் பரிமாற்றச் சேவை வழியாக வரும். ஆகவே ஈபே விற்பனைக்குப் பேபாலில் இருந்து 'பணம் வந்துவிட்டது' என்று செல்லருக்குக் கடிதம் வர வழியே இல்லை. ஈபே ஓர்டர் பக்கத்தில் 'பணம் கட்டியாயிற்று' என்று காட்டும் வரைக்கும் ஒரு பொருளையும் பெட்டியில் போடாதேங்கோ.

---

தீப்பெட்டி_படம்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆப் வழியாக உள்ளே போய்ப் பார்த்தேன். மெசேஜஸில் அப்படி ஒரு கடிதமே இல்லை. செல்லர் ஹப்பில் புகார் எதுவும் இல்லை, பேஅவுட் வழக்கம்போலத் தயாராக இருக்கிறது. கோவை சார் சொன்ன மாதிரி ஏலம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அந்த மெயிலைப் படித்த பதற்றத்தில் அது கண்ணில் படவே இல்லை. யூசர் ஐடியும் ஜிமெயில் பெயரும் ஒன்றேதான், இன்றைக்கே மாற்றுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து அனுப்பியவர் விவரத்தைப் பார்த்தேன். பெயர் இடத்தில் 'ஈபே மெம்பர்' என்று இருக்கிறது, ஆனால் முகவரி ஏதோ வெளிநாட்டுப் பல் மருத்துவமனையின் டொமைன் (முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பெயர்). சரி, மாட்டிக்கொண்டான் என்று நினைத்து, யாரோ யூட்யூபில் சொன்னபடி, மெயிலின் முழு விவரத்தைக் காட்டும் 'ஷோ ஒரிஜினல்' போய்ப் பார்த்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சோதனைக்கும் 'பாஸ்' என்று வருகிறது. போலி என்றால் ஃபெயில் ஆகத்தானே வேண்டும்?

---

சர்வர்_ரூம்:

நல்ல கேள்வி, நிறைய பேர் தடுமாறும் இடம் இதுதான். நான் ஒரு கம்பெனியில் மெயில் சர்வர் பார்த்துக்கொள்பவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்த மூன்று சோதனையும் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: 'இந்த டொமைனில் இருந்து வருவதாகச் சொல்லும் மெயில், உண்மையிலேயே அந்த டொமைனுக்கு உரிமையுள்ள சர்வரில் இருந்துதான் வந்ததா?' உங்கள் மெயிலில் டொமைன் பல் மருத்துவமனையுடையது. மெயில் உண்மையிலேயே அங்கிருந்துதான் வந்திருக்கிறது, அதனால் பாஸ். அங்கே யாரோ ஒருவருடைய மெயில் பாஸ்வேர்டைத் திருடி அந்தக் கணக்கில் இருந்து அனுப்பியிருப்பார்கள். திருடிய கணக்கில் இருந்து அனுப்பினால் ஸ்பேம் ஃபில்டரும் சுலபமாகத் தாண்டிவிடும். ஆகவே பாஸ் என்ற சொல்லைப் பார்க்காதீர்கள், எந்த டொமைனுக்குப் பாஸ் என்று பாருங்கள். ஈபே அனுப்பும் மெயில் ஈபே டாட் காமில் முடிய வேண்டும். உறுப்பினர் கேள்விகள் மெம்பர்ஸ் டாட் ஈபே டாட் காம் என்று வரும். நடுவில் எங்கேயோ ஈபே என்று இருந்தால் போதாது.

போனில் இது இன்னும் மோசம். நிறைய மெயில் ஆப்கள் பெயரை மட்டும் பெரிதாகக் காட்டி முகவரியை மறைத்துவிடும். பெயர் இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அதை எந்தச் சோதனையும் பார்ப்பதில்லை. பயணத்தில், கடையில் நின்றுகொண்டு, ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு கணக்கு சம்பந்தமான மெயில்களுக்கு எதுவும் செய்யாமல் இருப்பது நல்லது.

லிங்கைப் படிக்கவும் பழகிக்கொள்ளுங்கள், மவுஸை மேலே வைத்தால் (அழுத்தாமல்) கீழே முகவரி தெரியும். 'ஹெச்டிடிபிஎஸ்' என்பதை ஒட்டிய இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் முதல் சாய்கோடு வரை பாருங்கள், அந்தச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக ஒட்டியிருப்பதுதான் சொந்தக்காரர். 'சைன்இன் டாட் ஈபே டாட் காம் டாட் ஏதோ டாட் டாப்' என்று இருந்தால் அது ஈபே அல்ல, அந்த 'ஏதோ டாட் டாப்' என்பவரின் இடம். முன்னால் என்ன பெயர் வேண்டுமானாலும் அவர் வைத்துக்கொள்ளலாம். ரஷ்ய எழுத்தில் இருக்கும் 'ஏ' ஆங்கில 'ஏ' மாதிரியே இருக்கும், அதைப் போட்டும் டொமைன் பதிவு செய்கிறார்கள், கண்ணால் பார்த்து அதைப் பிடிக்க முடியாது. பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம், அந்தச் சான்றிதழ் இன்றைக்கு இலவசமாக, சில நிமிடத்தில் கிடைக்கிறது. இடையில் யாரும் எட்டிப்பார்க்க முடியாது என்பதற்குத்தான் அது சாட்சி, மறுபக்கம் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அல்ல.

இத்தனையையும் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க எந்த மனிதராலும் முடியாது, அதனால் மெஷினிடம் விடுங்கள். பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்று வைத்துக்கொண்டால், உண்மையான ஈபே பக்கத்தில் மட்டும்தான் அது பாஸ்வேர்டை எடுத்துக் கொடுக்கும். போலிப் பக்கத்தில் பேசாமல் இருக்கும். வழக்கமாகத் தானே நிரப்பும் இடத்தில் ஒருநாள் நிரப்பவில்லை என்றால் அங்கே கையை எடுத்துவிடுங்கள், நீங்களே காப்பி செய்து ஒட்டாதீர்கள். இதைவிட உறுதியானது பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனின் விரல்ரேகை, முகம் அல்லது பின் மூலம் உள்ளே போகும் முறை. ஈபேயில் அந்த வசதி இருக்கிறது. பாஸ்கீ எந்த டொமைனுக்கு உருவாக்கப்பட்டதோ அங்கே மட்டும்தான் வேலை செய்யும், நீங்களே ஏமாந்து போலிப் பக்கத்தில் கொடுக்க நினைத்தாலும் முடியாது. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபிக்கு அந்தப் பலம் கிடையாது. போலிப் பக்கத்தில் நீங்கள் ஓடிபியைத் தட்டியதும், மறுபக்கம் இருக்கும் புரோகிராம் அதை உடனே உண்மையான ஈபேயில் போட்டு உள்ளே போய்விடும். ஓடிபி வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல், ஆனால் ஓடிபி இருக்கிறதே என்று தைரியமாக லிங்கை அழுத்தக் கூடாது.

அந்த இரண்டு மெயிலையும் அழிக்கும் முன் ஈபேக்கு ஃபார்வர்டு செய்துவிடுங்கள். முகவரி ஸ்பூஃப் அட் ஈபே டாட் காம். தலைப்பை மாற்றாமல், எதுவும் சேர்க்காமல் அனுப்புங்கள். அந்தப் போலிப் பக்கத்தை அவர்கள் மூட வைத்தால் வேறு யாராவது தப்பிப்பார்கள்.

---

ஈரோடு_பவானி:

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கைகால் நடுங்குகிறது. என் மைத்துனர் ஈபேயில் கைத்தறித் துணி விற்கிறார். நேற்று ராத்திரி இதே மாதிரி பேஅவுட் மெயில் வந்து, பட்டனை அழுத்தி, பாஸ்வேர்டும் ஓடிபியும் போட்டுவிட்டாராம். இப்போதுதான் என்னிடம் சொன்னார். ஜிமெயிலுக்கும் அதே பாஸ்வேர்டுதானாம். முதலில் என்ன செய்ய வேண்டும்? தயவு செய்து யாராவது சொல்லுங்கள்.

---

கோவை_ஏலக்கடை:

பவானி அம்மா, பதற வேண்டாம், ஆனால் இப்போதே உட்கார்ந்து செய்ய வேண்டும். முதலில் ஜிமெயில். ஈபேயை முதலில் மாற்றினால், மெயில் கையில் இருக்கும் வரை அவன் 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கேட்டு மறுபடியும் உள்ளே வந்துவிடுவான். அதனால் ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றி, பாதுகாப்புப் பக்கத்தில் தெரியும் எல்லாச் சாதனங்களில் இருந்தும் வெளியேறச் சொல்லுங்கள். மீட்பு போன் நம்பரும் மீட்பு மெயிலும் அவருடையதுதானா என்று பாருங்கள். அடுத்ததாக, யாரும் மறந்துவிடும் ஒன்று: ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். ஈபேயில் இருந்து வரும் மெயில்களை அப்படியே குப்பைக்கு அனுப்பும்படி ஃபில்டர் போட்டு வைப்பார்கள், கணக்கில் என்ன நடக்கிறது என்று சொந்தக்காரருக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் ஈபே. வேறு பாஸ்வேர்டு, ஜிமெயிலுக்கு வைத்ததோ அதைப் போன்றதோ கூடாது. உள்ளே போய்ப் பேஅவுட் போகும் கணக்கு, வீட்டு முகவரி, போன் நம்பர், மெயில் முகவரி எல்லாம் மாறாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். லிஸ்டிங்குகளைப் பாருங்கள். நல்ல ஃபீட்பேக் இருக்கும் கணக்கைத் திருடுவதே அந்தப் பெயரை வைத்து போன், லேப்டாப் என்று விலை உயர்ந்த பொருளைப் போட்டு ஏமாற்றத்தான், துணி விற்கும் கணக்கில் திடீரென்று போன் இருந்தால் காரணம் அதுதான். வெளி ஆப்களுக்கு அனுமதி கொடுத்திருக்கும் பட்டியலில் தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். பேயோனியர் பாஸ்வேர்டும் மாற்றுங்கள், அது ஒரே பாஸ்வேர்டாக இருந்தால் இன்னும் அவசரம்.

ஈபேயைத் தொடர்பு கொள்ள ஈபே தளத்துக்குள் இருக்கும் ஹெல்ப் பக்கம் வழியாக மட்டும் போங்கள். கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் என்று தேடாதீர்கள். அங்கேயும் போலி நம்பர்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள், ஒரு குழியில் இருந்து ஏறி அடுத்ததில் விழ வேண்டாம். வங்கி விவரம் எதுவும் அந்தப் பக்கத்தில் கொடுத்திருந்தால் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் நேரம் பார்க்காமல் 1930க்கு போன் செய்யுங்கள், அது மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம்.

உங்கள் மைத்துனரைத் திட்டாதீர்கள். திட்டுவார்கள் என்ற பயத்தில்தான் நிறைய பேர் மறைத்து, நாளைக் கடத்தி, பணத்தை முழுசாக இழக்கிறார்கள். அவர் வாயைத் திறந்து சொன்னதே பெரிய விஷயம்.

---

ஈரோடு_பவானி:

செய்துவிட்டோம். நீங்கள் சொன்ன மாதிரியே ஜிமெயிலில் ஒரு ஃபில்டர் இருந்தது. ஈபே என்ற சொல் இருக்கும் மெயில் எல்லாம் நேராகக் குப்பைக்குப் போகும்படி போட்டிருந்தார்கள். குப்பையைத் திறந்து பார்த்தால், 'உங்கள் புதிய லிஸ்டிங்' என்று ஈபே நிஜமாகவே அனுப்பிய மெயில்கள் கிடக்கின்றன, எல்லாம் ஐபோன். பேஅவுட் கணக்கை மாற்றியிருக்கவில்லை. லிஸ்டிங்குகளை எடுத்துவிட்டோம், ஹெல்ப் பக்கம் வழியாக ஈபேயிலும் பேசிவிட்டார். ஒரு ஐபோனுக்கு யாரோ ஏலம் கேட்டிருக்கிறார், அவருக்கு என்ன சொல்வது?

---

கோவை_ஏலக்கடை:

நல்லவேளை. ஏலம் கேட்டவருக்கு மெசேஜஸ் வழியாகவே, கணக்கு திருடப்பட்டிருந்தது, அந்த லிஸ்டிங் எங்களுடையது அல்ல, வெளியே மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ யாராவது பணம் கேட்டால் அனுப்ப வேண்டாம் என்று எழுதுங்கள். திருடன் அவரைத் தனியாகத் தொடர்பு கொண்டிருக்கலாம், அதனால் இப்போதே எழுதிவிடுங்கள். குப்பையில் இருக்கும் மெயில்களை அழிக்காதீர்கள், ஈபேயோ போலீசோ கேட்டால் காட்ட அதுதான் சாட்சி. ஜிமெயிலில் குப்பைப் பெட்டி 30 நாளில் தானாகக் காலியாகிவிடும், ஆகவே இன்பாக்ஸுக்கு நகர்த்தி வையுங்கள்.